‘சர்வர் சுமையாக இருக்கலாம்’ என்பது ஏன் பதில் ஆகாது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. நீங்கள் பார்த்துக்கொள்ளும் மென்பொருளில், அன்றாட விற்பனை அறிக்கையில் சில நாள்கள் சில வரிகள் விடுபட்டுப் போகின்றன. காரணம் கேட்டபோது, ‘சர்வர் சுமை அதிகமாக இருந்த நேரத்தில் நிகழ்ந்திருக்கலாம், தொடர்ந்து கவனித்து வருகிறோம்’ என்று எழுதினீர்கள். உங்கள் குழுவின் மூத்தவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘இந்த விளக்கத்தைப் பொய் என்று காட்ட வழியே இல்லை, கார்ல் பாப்பரைப் படித்துவிட்டு வாருங்கள்’ என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. நிரல் எழுத வந்தவனுக்குத் தத்துவம் எதற்கு, இது படிப்பைக் காட்டிக்கொள்ளும் அலங்காரம்தானே என்று கேட்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: அறிவியலிலிருந்தும் தத்துவத்திலிருந்தும் வந்து நம் தொழிலில் புழங்கும் கருத்துகளில் எவை உண்மையாகவே வேலை செய்கின்றன, எவை வெறும் பேச்சு, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் படித்தது இயற்பியல். அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறேன். பெரும்பாலும் கணக்கு, கடன், முன்பதிவு சார்ந்த மென்பொருள்கள். விமானத்தை ஓட்டும் நிரலோ மருத்துவக் கருவிக்குள் இயங்கும் நிரலோ எழுதியதில்லை. அந்தத் துறைகளைப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது மட்டுமே. மற்றவை கைப்பட்டு அறிந்தவை.

முதலில் பாப்பர், அறிவியலின் முறையைப் பற்றி எழுதிய தத்துவ அறிஞர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வியன்னாவில் இளைஞராக இருந்த பாப்பரை இரண்டு வகைக் கோட்பாடுகள் சூழ்ந்திருந்தன. ஒரு பக்கம் ஐன்ஸ்டைன். சூரியனுக்கு அருகே வரும் விண்மீன் ஒளி இவ்வளவு வளைய வேண்டும் என்று அவர் ஓர் அளவைச் சொல்லியிருந்தார். 1919 மே 29 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது அது அளக்கப்பட்டது. அளவு வேறாக வந்திருந்தால் கோட்பாடு விழுந்திருக்கும். மறுபக்கம் ஆட்லரின் உளவியல். ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளினாலும் அது தாழ்வு மனப்பான்மையால். இன்னொருவன் உயிரைப் பணயம் வைத்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றினாலும் அதுவும் தாழ்வு மனப்பான்மையால். எதையும் விளக்கிவிடும் ஆற்றல்தான் அந்தக் கோட்பாட்டின் குறை என்று பாப்பர் கண்டார். ஒரு கூற்று ‘இது நடக்கவே கூடாது’ என்று எதையாவது தடுத்தால்தான் அது உலகத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. 1934-இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் நூலின் மையக் கருத்து இதுதான். இப்போது உங்கள் குறிப்பை எடுத்துப் பாருங்கள். சுமை மிகுந்த நாளில் வரி விடுபட்டால் சுமை. சுமை குறைந்த நாளில் விடுபட்டால் கணநேரச் சுமை. விடுபடாவிட்டால் அன்று சுமை இல்லை. எந்த நாள் எப்படி நடந்தாலும் உங்கள் விளக்கத்துக்கு ஆபத்தே வராது. அதனால் அது எதையும் விளக்கவும் இல்லை. உங்கள் மூத்தவர் சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம். சொன்னது சரி.

பாப்பர் அறிவியலைப் பற்றிச் சொன்னதை, நம் தொழிலில் அதே அழுத்தத்தோடு சொன்னவர் டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. சோதனையால் நிரலில் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்பதை ஒருபோதும் காட்ட முடியாது என்றார். பாப்பரைப் படித்துத்தான் அவர் இதைச் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் இந்த முடிவுக்கு வந்தது கணிதத்தின் வழியாக. ஆனாலும் அவர் லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் படித்தவர். 1957-இல் திருமணப் பதிவின்போது தொழில் என்ற இடத்தில் ‘நிரலர்’ என்று எழுதச் சொன்னபோது, அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சியினர் மறுத்துவிட்டார்கள். ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்றே பதிவாயிற்று. இதை அவரே பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். நம் தொழில் எவ்வளவு இளையது, அதன் முதல் தலைமுறை எந்த வீடுகளிலிருந்து வந்தது என்பதை நினைவூட்டும் செய்தி என்பதால் இதை எப்போதும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

சோதனை போதாது, அப்படியானால் கணித நிரூபணம் போதுமா? இங்கே ஒரு சிறு நிரலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேட, நடுவில் திறந்து பார்த்து, தேவையில்லாத பாதியைத் தள்ளிவிட்டு, மீதியின் நடுவைத் திறக்கும் முறை உங்களுக்குத் தெரியும். அகராதியில் சொல் தேடுகிற அதே முறை. இது 1946-லேயே வெளியாகிவிட்டது. ஆனால் எல்லா நீளப் பட்டியலுக்கும் சரியாக இயங்கும் வடிவம் வெளிவர 1962 ஆயிற்று. அதன்பின் ஜான் பென்ட்லி தம் நூலில் அது சரியானது என்று படிப்படியாக நிறுவியும் காட்டினார். அவரிடம் கற்றவர் ஜாஷுவா பிளாக். ஜாவா என்ற நிரல் மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பில் இந்தத் தேடலை எழுதியவரும் அவரே. அந்த நிரலில் ஒரு பிழை இருக்கிறது என்று 2006-இல் அவரே உலகத்துக்கு அறிவித்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அது அங்கேயே கிடந்திருந்தது.

பிழை இருந்த வரி மிகச் சாதாரணமானது: தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு எண். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கணினி ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் 32 பிட் (இரும இலக்க) இடத்தில் வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் 2147483647. பட்டியல் நூறு கோடி உறுப்புகளையும் தாண்டிப் பெரிதாக இருந்து, தொடக்கம் 1500000000, முடிவு 1600000000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 3100000000. அது அந்த இடத்தில் அடங்காது. எண் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் -1194967296 ஆகிவிடும். அதைப் பாதியாக்கினால் -597483648. பட்டியலில் அப்படி ஓர் இடமே கிடையாது, நிரல் முறிகிறது. திருத்தம் ஒரே வரிதான்: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்ட வேண்டும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நிரூபணத்தில் தவறே இல்லை என்பதுதான். அது கணிதத்தின் முழு எண்களைப் பற்றிய நிரூபணம். அந்த எண்களுக்கு எல்லை கிடையாது. இயந்திரத்தில் இருந்தவை அதே பெயர் கொண்ட வேறு எண்கள்.

இதே இடைவெளியைப் பற்றி 1988-இல் ஜேம்ஸ் ஃபெட்ஸர் என்ற தத்துவப் பேராசிரியர் கணினித் துறை இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். காகிதத்தில் உள்ள நிரல் ஒரு கணிதப் பொருள், அதைப் பற்றி நிரூபிக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் மின்சாரமும் சிலிக்கனும் சேர்ந்த ஒரு பௌதிக நிகழ்வு, அதைப் பற்றி இயற்பியலாளரைப் போல ஊகித்துச் சோதிக்கத்தான் முடியும் என்பது அவர் வாதம். கணினி அறிஞர்கள் பலர் கடுமையாக மறுத்து எழுதினார்கள். இன்று இரு தரப்பையும் படிக்கும்போது, ஃபெட்ஸர் அடிப்படையில் சொன்னது சரி, ஆனால் நிரூபணத்தின் பயனைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபணம் பிழை ஒளியும் இடங்களைக் குறைக்கிறது. மிச்சம் இருக்கும் இடம் எது என்றும் காட்டுகிறது. அந்த மிச்ச இடம், நிரலுக்கும் உலகத்துக்கும் நடுவே நாம் வைத்திருக்கும் அனுமானம். 1960 அக்டோபர் 5 அன்று கிரீன்லாந்தின் தூலே தளத்தில் இருந்த அமெரிக்க ரேடார், சோவியத் ஏவுகணைகள் கூட்டமாக வருவதாக எச்சரித்தது. வந்தது நிலா. நார்வேக்கு மேலே எழுந்துகொண்டிருந்தது. ரேடாரும் கணினியும் கட்டளையிட்டபடியே நடந்துகொண்டன. நிலாவும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் என்பதை யாரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. சோவியத் தலைவர் குருஷேவ் அந்த நாள்களில் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார் என்பது எச்சரிக்கையைச் சந்தேகிக்க ஒரு காரணமாக இருந்தது. அந்தத் தகவல் எந்த நிரலிலும் இல்லை.

தத்துவம் நமக்கு நேரடிச் சொத்தாகவே வந்து சேர்ந்த இடமும் ஒன்று உண்டு. அதில் ஊகத்துக்கே வேலையில்லை, வரலாறு தெளிவானது. 1902-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல், ஜெர்மன் தர்க்க அறிஞர் காட்லோப் ஃபிரேகெவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேல் எழுப்ப முயன்ற ஃபிரேகெவின் நூலின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. அதன் அடித்தளத்தில் ஒரு முரண் இருப்பதைக் கடிதம் காட்டியது. ஒரு நூலகத்தில் நிறைய அட்டவணைப் புத்தகங்கள் இருக்கின்றன. தம் பெயரைத் தமக்குள் குறிக்காத அட்டவணைகளை எல்லாம் குறிக்கும் ஓர் அட்டவணை தயாரித்தால், அது தன்னைக் குறிக்க வேண்டுமா, கூடாதா? குறித்தால் குறிக்கக்கூடாது, குறிக்காவிட்டால் குறிக்க வேண்டும். இதிலிருந்து தப்ப ரஸல் பொருள்களை வகைகளாகப் பிரித்தார். ஒரு வகையைப் பற்றிக் கேட்கலாகும் கேள்வியை இன்னொரு வகையிடம் கேட்கவே கூடாது என்று விதி செய்தார். 1940-இல் தர்க்க அறிஞர் அலோன்சோ சர்ச் இந்த வகைக் கோட்பாட்டை, சார்புகளைக் கொண்டே கணக்கிடும் தம் லாம்டா கணிதத்தோடு இணைத்தார். 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் அந்த வழியில் எம்.எல். என்ற நிரல் மொழியை உருவாக்கினார். இன்று உங்கள் எடிட்டர், தேதி கேட்கும் இடத்தில் பெயரைக் கொடுத்ததும் சிவப்புக் கோடு இடுகிறதே, அந்தக் கோட்டின் வம்சாவளியில் ஃபிரேகெவுக்குப் போன அந்தக் கடிதமும் இருக்கிறது. இங்கேயும் கவனியுங்கள்: வகை என்பது ஒரு தடை. எதையும் தடுக்காத வகையால் பயன் இல்லை.

இயற்பியலிலிருந்து வந்த ஒரு கருத்து என் கையிலேயே வேலை செய்த கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். பணம் பெறுவதை ஒரு சர்வர் பார்த்துக்கொண்டது, டிக்கெட்டை ரத்து செய்வதை இன்னொன்று. வாரத்தில் இரண்டு மூன்று பேருக்கு ரத்து செய்த பிறகும் பணம் திரும்பவில்லை. சர்வர்கள் தாமே எழுதிவைக்கும் லாக் பதிவுகளை எடுத்து நேர வரிசையில் அடுக்கினேன். ஒரு பயணியின் இரண்டு வரிகள் இப்படி இருந்தன: 10:14:07.310, ரத்து. 10:14:07.655, பணம் பெறப்பட்டது. பணம் கட்டுவதற்கு முன்பே ஒருவர் ரத்து செய்துவிட்டிருந்தார்! எங்கள் நிரல் அந்த ரத்தை ‘பணமே வராத டிக்கெட்’ என்று ஒதுக்கிவிட்டு, பிறகு வந்த பணத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. இரண்டு சர்வர்களின் கடிகாரங்களும் அரை விநாடிக்கு மேல் விலகியிருந்தன. கடிகாரங்களை இன்னும் துல்லியமாகச் சரிசெய்வோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில்தான் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதிய கட்டுரையை முழுமையாகப் படித்தேன். படித்த பாடம் வேறு உடையில் எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது. சிறப்புச் சார்பியல் சொல்வது என்ன? தொலைவில் உள்ள இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் எல்லா நேரமும் இருந்துவிடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளியின் செய்தி போய்ச்சேர வாய்ப்பிருந்தால்தான் ‘முன்’ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பொருள் உண்டு. லாம்போர்ட் ஒளியின் இடத்தில் சர்வர்களுக்கு நடுவே போகும் செய்தியை வைத்தார். ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்தவற்றில் வரிசை உண்டு. ஒரு செய்தியை அனுப்பியது அதைப் பெற்றதற்கு முன். இந்த இரண்டையும் சங்கிலியாகக் கோத்து வருவதும் ‘முன்’. இவற்றால் இணைக்கப்படாத இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்று கேட்பதற்கே பொருள் இல்லை. சார்பியலை அறிந்திருந்ததால்தான் இந்தச் சிக்கல் தமக்கு உடனே விளங்கியது என்று லாம்போர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, 2013-ஆம் ஆண்டுக்கானது, அவருக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை வந்து கடிகாரத்தை விட்டுவிட்டோம். எந்தப் பணத்தைப் பற்றிய ரத்து இது என்ற எண்ணை ரத்துச் செய்தியிலேயே சேர்த்தோம். அந்த எண்ணுள்ள பணப் பதிவு வந்துசேரும்வரை ரத்து காத்திருக்கும். அவ்வளவுதான், நாற்பது வரி மாற்றம். அதன்பின் அந்தப் புகார் வரவில்லை. கடிகாரங்களை எவ்வளவு நெருக்கமாகச் சரிசெய்திருந்தாலும் என்றாவது ஒரு நாள் அந்தப் பிழை திரும்பி வந்திருக்கும். எது முதலில் என்று கடிகாரத்தைக் கேட்காதே என்று அந்தக் கட்டுரை எங்களைத் தடுத்தது. அந்தத் தடைதான் பயன்பட்டது.

அடுத்து நான் மிக மதிக்கும் ஒருவர், டென்மார்க்கின் பீட்டர் நௌர். வானியல் படித்துவிட்டுக் கணினிக்கு வந்தவர். 1985-இல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்து, நிரல் எழுதுவதன் உண்மையான விளைபொருள் நிரல் வரிகள் அல்ல, எழுதுகிறவர் மனத்தில் உருவாகும் கோட்பாடு என்பது. உலகில் உள்ள எந்த விஷயம் நிரலின் எந்தப் பகுதியில் எப்படி இடம்பெறுகிறது, ஏன் அப்படி, புதிய தேவை வந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்ற அந்த அறிவு. கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் 1949-இல், ஒன்றைச் செய்யத் தெரிவது வேறு, அதைப் பற்றிய விதிகளைத் தெரிந்திருப்பது வேறு என்று வாதிட்டிருந்தார். சமையல் குறிப்பை மனப்பாடம் செய்தவருக்கும் கைப்பக்குவம் உள்ளவருக்கும் உள்ள வேறுபாடு. நௌர் அதை எடுத்துக்கொண்டார். ஒரு குழு எழுதிய கம்பைலரை (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை) இன்னொரு குழு முழு ஆவணங்களோடும் மூல நிரலோடும் பெற்று விரிவுபடுத்திய நிகழ்ச்சியை விவரிக்கிறார். இரண்டாம் குழு சொன்ன தீர்வுகள் பல, கட்டமைப்பையே குலைக்கக்கூடியவையாக இருந்தன. முதல் குழுவினருக்கோ, ஏற்கெனவே உள்ள வசதியிலேயே அதை எளிதாகச் செய்யலாம் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

இதை நான் கடன் கணக்கு நிரல் ஒன்றில் நேரடியாகப் பட்டு அறிந்தேன். பழைய நிரல், எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். வட்டி கணக்கிடும் பகுதியில் நாள் 31 என்றால் அதை 30 ஆக்கும் ஒரு வரி இருந்தது. அருகே குறிப்பு எதுவும் இல்லை. யாரோ எதற்கோ போட்ட ஒட்டு என்று நினைத்து எடுத்துவிட்டேன். சோதனைகள் எல்லாம் தேறின. மாத முடிவில் நூற்றுக்கணக்கான கணக்குகளில் சில ரூபாய்கள் கூடியிருந்தன. ஓய்வு பெற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ‘சார், அங்கே ஒவ்வொரு மாதத்துக்கும் முப்பது நாள்தான் கணக்கு. பேரேடு எழுதிய காலத்திலிருந்தே அப்படித்தான். பிப்ரவரிக்கு எப்படி என்று அடுத்த பக்கத்தில் இருக்கும், பாருங்கள்’ என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நிரல் என்னிடம் இருந்தது, கோட்பாடு அவரிடம் இருந்தது. ஒரு நிரலின் கோட்பாட்டை மனத்தில் கொண்ட குழு கலைந்தால் அந்த நிரல் இறந்துவிட்டது என்றே நௌர் சொல்கிறார். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். ‘ஏன்’ என்பதை ஒரு வரி எழுதிவைத்திருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும். கோட்பாட்டின் ஒரு பகுதியையாவது எழுத்தில் கடத்த முடியும். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு பக்கம் பக்கமாக நிரல் பெறும் இளைஞர்களிடம் நான் கேட்பதும் இதையே: வரிகள் கிடைத்துவிட்டன, கோட்பாடு யாரிடம் இருக்கிறது?

நிரலைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் நடந்தது வேறு கதை. நல்ல கருத்து ஒன்று உள்ளே வந்து, பழைய கருத்து ஒன்றால் மூடப்பட்டுவிட்டது. அதன் முன்னோடியான ஆலன் கே அமெரிக்காவின் கொலராடோவில் கணிதமும் மூலக்கூறு உயிரியலும் படித்தவர். அவர் மனத்தில் இருந்த உருவம் உயிரணு. சுற்றிலும் சவ்வு, உள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்கே உரியது, வெளியிலிருந்து செய்தி மட்டும் அனுப்பலாம். 1970-களில் ஸ்மால்டாக் மொழி அப்படிப் பிறந்தது. ஆனால் நம் கல்லூரிகளில் கற்றுத்தருவது என்ன? விலங்கு என்று ஒரு வகை, அதன் கீழ் நாய், பூனை. இது அரிஸ்டாட்டில் காலத்து வகைப்பாடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சாரம் உண்டு, அதற்கு ஒரே ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கை. முதல் வேலையிலேயே அது உடைகிறது. ‘வாடிக்கையாளர்’, ‘ஊழியர்’ என்று இரண்டு வகை எழுதி முடித்ததும், ஊழியர் ஒருவர் கடையில் பொருள் வாங்க வருகிறார். அவர் எந்தக் கிளையில் உட்காருவார்? ‘விளையாட்டு’ என்ற ஒரு சொல்லால் நாம் அழைப்பவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பு கிடையாது, ஒரு குடும்பத்தாரின் முகச்சாயல் போல ஒன்றோடொன்று பின்னிய ஒற்றுமைகளே உண்டு என்று தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் காட்டினார். அதைப் படித்த பிறகு நான் வகை மரங்களை ஆழமாக வளர்ப்பதை நிறுத்தினேன். ஆளை ஆளாக வைத்துக்கொண்டு, வாங்குபவர், ஊழியர் என்பனவற்றை அவர் ஏற்கும் பாத்திரங்களாக எழுதுகிறேன். இது என் துறையில் எனக்குப் பயன்பட்ட வழி. வரைகலை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஆழமான வகை மரம் நன்றாகவே பயன்படுகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

இனி, பேச்சாக மட்டும் நின்றுவிடும் கருத்துகள். ‘மென்பொருளின் என்ட்ரோபி (ஒழுங்கின்மை) கூடிக்கொண்டே போகும், அது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி’ என்று கூட்டங்களில் சொல்வார்கள். இயற்பியல் படித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விதி தனித்து விடப்பட்ட அமைப்பைப் பற்றியது. தனித்து விடப்பட்ட நிரல் பத்து ஆண்டுக்குப் பின்னும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கும். கெடுப்பது நம் கை. மாறுவது சுற்றியிருக்கும் உலகம். இதை இயற்பியலின் துணையில்லாமலே, ஐ.பி.எம். நிறுவனத்தின் மென்பொருள் வளர்ச்சியை ஆராய்ந்த மேயர் லேமன் 1970-களில் சொல்லிவிட்டார்: பயன்பாட்டில் உள்ள மென்பொருள் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும், தனியாக உழைத்துக் குறைக்காவிட்டால் அதன் சிக்கல் கூடும். அது கவனித்துச் சொன்னது, அதைச் சரிபார்க்கலாம். அதுபோலத்தான் ‘ஹைசன்பக்’ என்ற சொல்லும். குவாண்டம் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரையும் பிழையைக் குறிக்கும் ‘பக்’ என்ற சொல்லையும் சேர்த்தது. கணினி அறிஞர் ஜிம் கிரே 1985-இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு பரவலாகப் புழங்கும் சொல் அது. பார்க்கப் போனால் மறைந்துவிடும் பிழையைக் குறிக்கும். சொல் வசதியானது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நடப்பதில் குவாண்டம் எதுவும் இல்லை. பிழையைத் தேட நீங்கள் சேர்த்த, மதிப்பை அச்சிட்டுக் காட்டும் வரி சில மைக்ரோ விநாடிகள் எடுத்துக்கொள்கிறது, அதனால் இரண்டு வேலைகளின் முன்பின் மாறிவிடுகிறது. அப்படி எண்ணினால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். ஹைசன்பர்க்கை நினைத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தோன்றும்.

கேள்வியின் கடைசி வரியில், நம் மரபில் இதற்கு ஏதாவது உண்டா, பாணினியின் இலக்கணத்திலிருந்துதான் கணினி மொழிகள் வந்தன என்கிறார்களே என்றும் கேட்டிருந்தீர்கள். பாணினியின் விதிகளுக்கும் நிரல் மொழிகளின் இலக்கணத்தை எழுதும் பாக்கஸ்-நௌர் முறைக்கும் உள்ள ஒற்றுமை உண்மையானது. 1967-இல் பீட்டர் இங்கர்மன் அதற்குப் பாணினியின் பெயரைச் சேர்த்து வழங்கலாம் என்று எழுதினார். ஆனால் பாக்கஸ் பாணினியிடமிருந்து அதைப் பெறவில்லை. சாயல் இருப்பதால் வம்சாவளி ஆகிவிடாது. சமஸ்கிருதமே கணினிக்கு ஏற்ற மொழி என்று பரவும் செய்தியும், அறிவைக் கணினியில் எழுதும் முறையைப் பற்றி ரிக் பிரிக்ஸ் 1985-இல் எழுதிய கட்டுரையை மிகைப்படுத்தியதுதான். மரபிலிருந்து நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறியது. சைவ சித்தாந்தம் அறிவுக்கு மூன்று அளவைகளைக் கொள்கிறது: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. கணினியின் வரலாற்றில் இதற்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் என் மேசையில் உண்டு. யாராவது ‘இந்தக் கோப்பு இங்கே காலியாக வருகிறது’ என்று சொன்னால், கண்டீர்களா, கருதுகிறீர்களா, யாராவது சொன்னார்களா என்று கேட்பேன். பாதி நேரம் கேள்வி கேட்ட உடனேயே அவர் எழுந்துபோய்ப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். பாப்பரின் நூலை இப்போதே வாங்க வேண்டியதில்லை, பிறகு நிதானமாகப் படியுங்கள். ‘சுமைதான் காரணம்’ என்பதை விழக்கூடிய கூற்றாக மாற்றுங்கள். சுமைதான் காரணம் என்றால் கடைகள் மூடியிருக்கும் பின்னிரவில் பதிவான விற்பனை எதுவும் விடுபடக் கூடாது. விடுபட்ட வரிகள் எல்லாம் சுமை மிகுந்த சில நிமிடங்களுக்குள் கொத்தாக இருக்க வேண்டும். சோதனைச் சர்வரில் செயற்கையாகச் சுமையை ஏற்றினால் வரிகள் விடுபட வேண்டும். மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, கடந்த மூன்று மாதத்தில் விடுபட்ட ஒவ்வொரு வரியின் நேரத்தையும் எடுத்துப் பட்டியலிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்து எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. விடுபட்டவற்றில் பல நள்ளிரவு 12 மணியை ஒட்டி இருக்கும், விற்பனையை ஒரு சர்வரின் தேதியிலும் அறிக்கையை இன்னொன்றின் தேதியிலும் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இது கருதல் மட்டுமே, நான் எதையும் காணவில்லை. பட்டியலில் நேரங்கள் பகல் முழுவதும் பரவியிருந்தால் என் ஊகம் தவறு. பார்த்துவிட்டு எழுதுங்கள்.